பைத்தான்ல பெரிய ஃபைல் காப்பி, ரொம்ப நாள் ஓட்டிப் பாத்ததுல

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கல்யாணம், கோயில் திருவிழான்னு வீடியோ எடுக்குற கடை நம்மளது. ஒரு திருவிழா முடிஞ்சா 40 ஜிபி ஃபைல்லாம் சாதாரணம், அத ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, கஸ்டமர் பென்டிரைவ்ல ஒண்ணுன்னு ஏத்தணும். கடை மெஷின்ல உபுந்து, அதாவது லினக்ஸ்ல ஒரு வகை, காப்பிக்கு பைத்தான்ங்கிற புரோகிராம் மொழியில சொந்தமா எழுதுன ஸ்கிரிப்ட்தான்.

பைத்தான் கூடவே வர்ற எஸ்எச்யுட்டில்ங்கிற (shutil) காப்பி வசதி நல்ல வேகம், பைத்தான் 3.8லேர்ந்து லினக்ஸ்ல கெர்னலே, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதியே, நேரா தள்ளிவிட்டுரும், ஆனா எவ்ளோ ஆச்சுன்னு வாயே தொறக்காது. கஸ்டமர் பக்கத்துல நின்னுக்கிட்டு "என்னா தம்பி, தொங்கிருச்சா?"ன்னு கேப்பாரு, நமக்கும் தெரியாது. அதனால துண்டு துண்டா படிச்சு எழுதுற லூப், மேல டிகியூடிஎம் (tqdm) பார், எவ்ளோ முடிஞ்சுதுன்னு கோடா காட்டுற பைத்தான் வசதி.

துண்டு சைஸ் முக்கியம். 64 கேபி வச்சு ஒவ்வொரு துண்டுக்கும் பிரிண்ட் போட்டா 40 ஜிபிக்கு ஆறரை லட்சம் தடவ ஸ்கிரீன்ல எழுதணும், வீண் வேலை. நான் 8 எம்பி வச்சிருக்கேன். டிகியூடிஎம் எப்படியும் செகண்டுக்கு பத்து தடவைக்கு மேல வரையாது, அது தானா பாத்துக்கும்.

பெரிய தலைவலி வேற. லினக்ஸ் மொதல்ல ரேம்ல வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம்தான் பென்டிரைவ்ல எழுதும், அதனால பார் ஆரம்பத்துல பறக்கும், திடீர்னு படுத்துரும், 100 காட்டுன பிறகும் பென்டிரைவ் லைட் மினுக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல எவனாச்சும் புடுங்குனா ஃபைல் அம்போ. இப்ப ஒவ்வொரு 64 எம்பிக்கும் ஃப்ளஷ் பண்ணி எஃப்சிங்க் (fsync) கூப்புடுறேன், ரேம்ல நிக்கிறத டிரைவ்ல எழுதி முடிக்கச் சொல்ற கட்டளை அது. பாக்க மெதுவா தெரியும், ஆனா பார் சொல்றது நெசம், எஜெக்ட் ஒடனே ஆகுது. மலிவு பென்டிரைவே நத்தை, அதுல இதனால பெருசா ஒண்ணும் கொறையல.

இன்னொண்ணு, கஸ்டமர் கொண்டாற பழைய டிரைவ் பாதி ஃபேட்32ங்கிற (FAT32) பழைய ஃபார்மேட். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, எடம் எவ்ளோ காலியா இருந்தாலும் அங்க வந்து செத்துரும். அத ஸ்கிரிப்ட் மொதல்லயே பாத்து கத்துது, பெரிய ஃபைல் ஏத்துக்குற எக்ஸ்ஃபேட் (exFAT) ஃபார்மேட்டுக்கு மாத்திட்டுதான் தொடுவோம்.

ஆர்சிங்க் (rsync)ன்னு லினக்ஸ்ல இருக்குற காப்பி புரோகிராம்லயே இதெல்லாம் இருக்கேன்னு கேக்கலாம், இருக்கு, பாதியில விட்டதையும் வச்சுக்கும். ஆனா கடையில நிக்கிற பையனுக்கு ரெண்டு கேள்வி கேட்டு ஓடுற ஸ்கிரிப்ட்தான் சரிப்படுது. இன்னும் புடிக்காதது ஒண்ணுதான், ஆயிரக்கணக்குல சின்ன போட்டோ இருக்குற ஃபோல்டர்னா மிச்ச நேரம் கண்டபடி குதிக்குது, அங்க மட்டும் அத மறைச்சுட்டு எத்தன ஃபைல் முடிஞ்சுதுன்னு காட்ட வச்சுட்டேன்.