41 வயதில் செயற்திட்ட முகாமைத்துவ முதுமாணி: ஹட்டனிலிருந்து படித்த அனுபவம்

படிப்பை முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் எல்லாமே அருமை என்று எழுதியிருப்பேன். அதில் எது வேலையில் நின்றது, எது நோட்டுப் புத்தகத்தோடு போனது என்று இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

நான் ஹட்டன் பக்கம். 15 வருடமாகத் தோட்ட வீடமைப்பு, குடிநீர், முன்பள்ளிக் கட்டடம் போன்ற வேலைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். 2022 ஜனவரியில் வார இறுதி முதுமாணி வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு 41 வயது. சேர்ந்த காரணம் ஒன்றுதான். நான் போட்டுக்கொடுத்த கால அட்டவணைகளில் ஒன்றுகூட நின்றதில்லை. நிதி கொடுப்பவர்கள் ஆறு மாதம் என்றால் ஆறு மாதத்துக்குள் வேலையை அடக்கிக் காட்டுவேன். ஒன்பதாவது மாதம் ஏன் முடியவில்லை என்று கடிதம் எழுதுவேன். அந்த இடைப்பட்ட மூன்று மாதமும் யாரோ ஒரு குடும்பம் தகரக் கொட்டகையில் இருந்திருக்கும். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் தவணையிலேயே ஒரு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பேர்ட் (PERT) என்ற நாள் கணிக்கும் முறை. ஒரு வேலைக்கு ஒரு நாள் கணக்குக் கேட்காமல் மூன்று கேட்க வேண்டும். எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். வழமையான நாளை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பது.

அடுத்த புதன்கிழமை நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் பாதுகாப்பு மதில் வேலை தொடங்க இருந்தது. நான் எப்போதும் மேசன் பாஸிடம் "எத்தனை நாள் போகும்?" என்று கேட்பேன். அவர் "பத்து நாள் சேர்" என்பார். நானும் பத்து என்று எழுதிவிடுவேன். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

"கல்லும் மணலும் நேரத்துக்கு வந்து, மழையும் இல்லாட்டி எத்தனை நாள் பாஸ்?"

"ஏழு நாள்ல முடிச்சிடலாம் சேர்."

"வழமையா?"

கொஞ்சம் யோசித்தார். "பன்னிரண்டு."

"மழை பிடிச்சு, லொறியும் மேல ஏற ஏலாமப் போனா?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிப் போட்டிருந்த மண்ணைப் பார்த்தார். "அப்படின்னா முப்பத்தஞ்சு நாளும் போகும் சேர். கீழ் லயத்து மதிலுக்கு அப்படித்தானே போச்சு."

7, 48, 35. கூட்டினால் 90. ஆறால் வகுத்தால் 15 நாள். அந்த மதில் முடிய 16 நாள் எடுத்தது. கணக்கு சரியாக வந்ததைவிட இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. அந்த முப்பத்தைந்து நாள் இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

அதன் பிறகு அட்டவணை போடும் விதமே மாறியது. எம்.எஸ். புரொஜெக்ட் என்ற அட்டவணை போடும் மென்பொருளில் வரும் நாள்காட்டியை அப்படியே விட்டுவைப்பதில்லை. போயா தினங்கள், ஏப்ரல் புத்தாண்டு, தீபாவளி, அந்தந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா எல்லாவற்றையும் முதலில் அடைத்துவிடுகிறேன். திருவிழாத் தேதியைக் கோயில் கமிட்டித் தலைவரிடம் கேட்டுத்தான் போடுகிறேன். கொழுந்து கூடுகிற மாதங்களில் சீமெந்து சுமக்க ஆள் கிடைக்காது, அதையும் கங்காணியிடம் கேட்டுப் போடுகிறேன். அப்புறம் மழை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை அடிக்கும். அந்த நேரம் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். அவர்களுக்கு மழை வருடக் கடைசியில்தான். கொழும்பில் இருந்து வரும் திட்டங்களில் மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் போட்டிருப்பார்கள். அதை இப்போது கூட்டத்திலேயே எடுத்துச் சொல்கிறேன்.

இரண்டாவது பெரிய பயன், ஈட்டிய மதிப்புக் கணக்கு. செலவழித்த பணத்துக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று பார்க்கும் முறை அது. அதைப் படித்த நேரமும் அப்படி. 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு. எங்கள் வகுப்பு ஸூமுக்கு மாறியிருந்தது, போனில் சார்ஜ் இருக்கும்வரை கேட்போம். ரூபாய் விழுந்துகொண்டிருந்தது, சீமெந்து விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. என் கையில் 40 இலட்சம் ரூபாய்க் குடிநீர்த் திட்டம் ஒன்று. பாதிக் காலம் முடிந்தபோது 20 இலட்சத்துக்கான வேலை நடந்திருக்க வேண்டும். நடந்தது 16 இலட்சத்துக்கான வேலை. கையை விட்டுப் போனது 28 இலட்சம். 16ஐ 28ஆல் வகுத்தால் 0.57. அதாவது செலவழித்த ஒரு ரூபாய்க்கு 57 சதத்துக்கான வேலைதான் கிடைத்திருக்கிறது. இப்படியே போனால் முடிக்க 70 இலட்சம் வேண்டும்.

முன்பென்றால் "விலையேற்றம் காரணமாகச் சிரமம்" என்று ஒரு வரி எழுதியிருப்பேன். இந்த முறை அந்த மூன்று தொகையையும் ஒரே பக்கத்தில் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மேல் பிரிவின் குழாயை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, தாங்கியையும் கீழ் இரண்டு லயங்களுக்கான இணைப்பையும் முடித்தோம். அந்த லயங்களில் இன்று தண்ணீர் வருகிறது. படிப்புக்குக் கொடுத்த பணம் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டதாக நினைத்தேன்.

குறைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் பி.எம்.ஐ. என்ற செயற்திட்ட முகாமைத்துவ நிறுவனம் தன் பி.எம்.பொக் (PMBOK) வழிகாட்டியின் ஏழாம் பதிப்பை 2021இல் வெளியிட்டது. ஆறாம் பதிப்பில் இருந்த 49 செயல்முறைகளை மையமாக வைக்காமல் 12 கோட்பாடுகளை முன்னால் வைத்தார்கள். எங்கள் வகுப்பிலோ விரிவுரை புதியதிலும் பரீட்சை பழையதிலும் நடந்தது. 49ஐயும் மனப்பாடம் செய்தோம், இன்று எனக்குப் பாதிகூட நினைவில்லை. உதாரணங்களும் விமான நிலையம், எண்ணெய்க் கிணறு என்றே வந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். தோட்டத்தில் போய்ச் சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை வேண்டியிருந்தது. வெளிக்கள உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து 'ஃப்ளோட்' என்பதைத் 'தள்ளிப்போடக்கூடிய நாள்' என்றும், 'கிரிட்டிகல் பாத்' என்பதை, அதாவது ஒரு நாள் பிந்தினாலும் முழுத் திட்டத்தையும் பிந்தவைக்கும் வேலைத் தொடரை, 'தாமதம் தாங்காத பாதை' என்றும் வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டி வரவில்லை.

ஆய்வுக்கட்டுரையைத் தவிர்த்துவிட்டு முடிக்கலாம் என்ற தெரிவும் இருந்தது. தவிர்க்காதது நல்லது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டும் மூன்று இடங்களை எடுத்து, தாமதம் எங்கே பிறக்கிறது என்று பார்த்தேன். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை நேரில் போய்ப் பார்த்தவன் நான். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, இரண்டு பக்கமும் கையெழுத்து வர வேண்டும். மூன்று இடத்திலும் தாமதம் தாங்காத பாதை இந்தக் கடிதங்கள் வழியாகத்தான் போனது. மேசன் வேலைக்கு நாள் மிச்சம் இருந்தது. மேசன்மாரை அவசரப்படுத்தியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன் என்பது அந்த வரைபடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சேர நினைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். விளம்பரத்தில் இரண்டும் ஒரே பெயரில் வரும். பின்னால் கலாநிதிப் படிப்பு எண்ணம் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நேரடி வகுப்பு தொடங்கியதும் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவேன். இரண்டு வருடமும் மகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மனைவிதான் போனார். களத்தில் கையில் வேலை இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பை நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை படித்ததைப் புதன்கிழமை ஒருவரிடம் கேட்டுப் பார்க்க இடம் வேண்டும்.

பி.எம்.ஐ. நடத்தும் பி.எம்.பி. சான்றிதழ்ப் பரீட்சைக்கும் போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பட்டதாரிக்கு 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள், இரண்டும் என்னிடம் இருக்கிறது. இந்த மழை முடியட்டும். மஸ்கெலியாவில் ஒரு மதில் பாதியில் நிற்கிறது, அதற்குப் பாஸ் சொன்ன கணக்கு 9, 14, 40.