பம்பரைக் கழற்ற வைத்த கிரில் ஷட்டர்

ரிப்பேர் முடிந்து வண்டி வந்துவிட்டது. மாற்றிய பொருள் கிரில் ஷட்டர். இதைச் சொன்னதும், புது கார் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "நான் பார்க்கிற மாடலிலும் அது இருக்காம். உண்மையில் பிரயோஜனம் உண்டா, இல்லை விளம்பரத்துக்கு வைத்ததா?" போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எனக்குக் கோபமும் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

பிரயோஜனம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

வண்டியின் முன்பக்க வலைச்சட்டமான கிரில்லுக்குப் பின்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்கும் முன்னால், பழைய ஜன்னல்களின் சாய்வுப் பலகைகள் போல பிளாஸ்டிக் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒரு சின்ன மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எவ்வளவு சூடு, ஏசி காஸின் அழுத்தம் என்ன, வண்டி என்ன வேகத்தில் போகிறது, வெளியே வெப்பம் எப்படி என்று பார்த்து, எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

எதற்கு இந்த வேலை? ரேடியேட்டரின் அளவை மிக மோசமான நிலையை நினைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்: கொளுத்தும் வெயில், முழுப் பாரம், நீண்ட மலையேற்றம். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்குதான் தேவை. ஆனால் கிரில் திறந்தே இருந்தால் காற்று உள்ளே புகுந்துகொண்டேதான் இருக்கும். புகுந்த காற்று சும்மா வெளியே போவதில்லை. ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் முட்டி மோதி, வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் போகும். மூடிவிட்டால் அது பானட் மேலாகவும் பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. எனவே லாபமெல்லாம் நெடுஞ்சாலையில்தான். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மைலேஜ் எவ்வளவு கூடியது என்று கேட்காதீர்கள். எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக வீசினாலோ டயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலோ ஷட்டர் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. குளிர் காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடேறியது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் கெட்டியாக இருக்கும், எரிபொருளும் கூடுதலாகப் பாயும். அந்த நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஹீட்டரிலும் சட்டென்று வெதுவெதுப்பு வரும். ஷட்டர் கெட்டுத் திறந்த நிலையிலேயே நின்றுபோன பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நகரவே மாட்டேன் என்றது!

இந்த யோசனை புதிதும் இல்லை. 1930-களின் பேக்கார்ட், ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளிலேயே சூட்டைப் பொறுத்துத் தானாகத் திறந்து மூடும் ரேடியேட்டர் ஷட்டர்கள் இருந்தன, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல். குளிர் நாடுகளில் லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் கித்தானைக் கட்டிக்கொண்டு ஓட்டியதும் இதே காரணத்துக்குத்தான்.

சரி, கோபத்துக்கு வருவோம்.

இந்த நோஞ்சான் பிளாஸ்டிக் சட்டத்தைக் கொண்டுபோய் வண்டியின் மூக்கிலேயே வைத்திருக்கிறார்கள். சேறு, சருகு, தெறிக்கும் கல் எல்லாம் முதலில் அங்கேதான் வரும். பார்க்கிங்கில் லேசாக ஒரு இடி பட்டால் பம்பர் வளைந்து கொடுத்துப் பழையபடி நிமிர்ந்துவிடும். வெளியே கீறல்கூட இருக்காது. பின்னால் இருக்கும் தகட்டின் அச்சு மட்டும் சத்தமில்லாமல் முறிந்திருக்கும். என் வண்டியில் நடந்தது இதுதான்.

வண்டியைக் கிளப்பும்போது மோட்டார் தகடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். முட்ட வேண்டிய இடத்தில் முட்டவில்லை என்றாலும், நடுவில் சிக்கிக்கொண்டாலும், கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகும். கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் என் வண்டி காட்டியது பி059எஃப், அதாவது ஷட்டர் சரியாக வேலை செய்யவில்லை, சிக்கிக்கொண்டது என்பதற்கான எண். ஸ்கேனர் கையில் இருப்பவருக்குத்தான் அந்த எண். ஓட்டுகிறவருக்கு எரிவது செக் எஞ்சின் விளக்கு! எஞ்சினில் சிலிண்டர் ஒன்று எரியாமல் போனாலும் அதே மஞ்சள் விளக்கு, பிளாஸ்டிக் தகடு உடைந்தாலும் அதே மஞ்சள் விளக்கு. எரிபொருள் செலவையும் புகையையும் பாதிக்கும் பாகம், அதனால் அந்த விளக்கு என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கட்டும். நெடுஞ்சாலையில் அதைப் பார்த்து வயிறு கலங்கியவனுக்கு இந்தக் காரணத்தால் என்ன ஆறுதல்?

மெக்கானிக் நேர்மையான மனிதர். "இப்படியே ஓட்டலாம் சார், ஒண்ணும் ஆகாது. லைட்டு மட்டும் போகாது" என்றார். உண்மைதான். பழுதானால் ஷட்டர் திறந்தே நிற்கும்படிதான் பொதுவாக வடிவமைக்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான் நின்றது. மூடிய நிலையில் சிக்கியிருந்தால் நெரிசலில் முதலில் ஏசி சோர்ந்துபோகும், அப்புறம் எஞ்சின் சூடேறும். அந்த வகையில் யோசித்துச் செய்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு நிஜமாகவே எஞ்சினில் ஏதாவது வந்தால் எப்படித் தெரியும்? அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மாற்றினேன்.

மாற்றுவது என்றால் ஒரு தகட்டை மாற்றுவதில்லை. என் மாடலுக்குத் தகடு தனியாகக் கிடைக்காது. சட்டம், தகடுகள், மோட்டார் எல்லாம் ஒரே செட். அதைத் தொட முன் பம்பர் முழுக்க இறங்க வேண்டும். இறக்கும்போது கிளிப்புகள் உடையும், அவற்றுக்கும் சேர்த்து பில் வரும். மாட்டிய பிறகு ஸ்கேனரை வைத்து, எது திறந்த நிலை, எது மூடிய நிலை என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். உடைந்தது விரல் நீள பிளாஸ்டிக்.

இத்தனை பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கேட்டால், என் அடுத்த பெட்ரோல் வண்டியில் இது வேண்டாம். எலெக்ட்ரிக் என்றால் மறுக்க மாட்டேன். அதில் ஒழுங்காக ஓடும்போது பெரும்பாலும் மூடியே வைக்கலாம், வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரியைக் குளிர்விக்கத் திறந்தால் போதும், இழுவை குறைவதால் மிச்சமாவது ரேஞ்சில், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில், சேரும்.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால், யாரையாவது கிளப்பச் சொல்லிவிட்டு டார்ச் லைட்டை கிரில்லுக்குள் அடித்துப் பாருங்கள். தகடுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் கோணலாகத் தொங்கினால் பேரம் பேசலாம். புது வண்டி என்றால், தகடு தனியாகக் கிடைக்குமா, முழு செட்டாகத்தான் வருமா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். மைலேஜ் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.