பீரங்கிக் கப்பலா, மொட்டைத் தளமா? மூன்று அமெரிக்கக் கட்டளைக் கப்பல்கள்

போர்க்கப்பல் என்றதும் பீரங்கியை எண்ணுவதுதான் நம் பழக்கம். தளபதி ஏறிக் கடற்படையை நடத்தும் கட்டளைக் கப்பலில் எண்ண வேண்டியது ஆன்டெனாவையும் மேசையையும் கட்டிலையும். தளபதியோடு நூற்றுக்கணக்கான அதிகாரிகளும் ஊழியர்களும் ஏறுவார்கள். எல்லாருக்கும் இடம் வேண்டும். எல்லாரும் பேச ரேடியோ வேண்டும். இந்தக் கணக்குக்கு அமெரிக்கக் கடற்படை கண்ட மூன்று விடைகள் நார்தாம்ப்டன், ரைட், புளூ ரிட்ஜ்.

நார்தாம்ப்டன் பாதியில் நின்ற கப்பல். 1944-ல் கனரகக் குரூசராக, அதாவது வேகமாக ஓடும் பெரிய பீரங்கிக் கப்பலாகக் கட்டத் தொடங்கினார்கள். போர் முடியும் தறுவாயில் வேலை நின்றது. 1948-ல் மறுபடி தொடங்கியபோது, 8 அங்குலப் பீரங்கிகள் ஒன்பது வர வேண்டிய உடலில் 5 அங்குலப் பீரங்கிகள் நான்கை வைத்துவிட்டு, ஒரு தளத்தைக் கூடுதலாக ஏற்றினார்கள். கிடைத்த இடம் முழுக்கத் தகவல் தொடர்புக்கும் தளபதியின் அலுவலகத்துக்கும் போனது. 1953-ல் பணியில் சேர்ந்தது. குரூசர் வேகம் அப்படியே இருந்தது. விமானந்தாங்கிகளோடு ஓட முடிந்தது. கோளாறு மேலே. கோபுரம், புகைபோக்கி, பாய்மரம் என்று நெருக்கிக் கட்டிய இடத்தில் ஆன்டெனாக்களையும் திணித்தாக வேண்டும். ரேடியோ ஆன்டெனாக்கள் சண்டைக்கார ஓரகத்திகள் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று பேச விடாது.

ரைட் இதற்கு நேர் எதிர். 1947-ல் சிறு விமானந்தாங்கியாகச் சேர்ந்து, 1956-ல் ஓய்வு பெற்ற கப்பல். ஜெட் விமானங்கள் பெருத்துவிட்ட காலத்தில் அதன் ஓடுதளம் எதற்கும் போதவில்லை. அதே ஓடுதளம் ஆன்டெனா நட அருமையான இடம் என்று யாருக்கோ பட்டிருக்கிறது! அமெரிக்க மேற்குக் கரையில் பியூஜெட் சவுண்ட் கப்பல் கட்டும் துறையில் மாற்றிக் கட்டி, 1963-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். தளத்தில் வரிசையாகக் கம்பங்கள். உயரமானது 83 அடி, மணிக்கு 100 மைல் காற்றைத் தாங்கும்படி அமைத்தது. கீழே விமானக் கொட்டகை இருந்த இடத்தில் அறைகள்.

அணுப்போர் மூண்டால் அமெரிக்க அதிபர் ஏறி உட்கார்ந்து நாட்டை நடத்துவதற்கான மிதக்கும் தலைமையகம், இதுதான் அறுபதுகளில் இந்த இரண்டுக்கும் தந்த வேலை. நல்ல வேளை, யாரும் ஏற வேண்டி வரவில்லை. 1967-ல் உருகுவேயின் புன்டா டெல் எஸ்டே மாநாட்டுக்கு அதிபர் ஜான்சன் போனபோது, ரைட் அந்தக் கரையோரம் தகவல் தொடர்புக்காக நின்றது. விமானத்திலேயே அமைத்த பறக்கும் தலைமையகங்கள் இருக்க, எதிரி நீர்மூழ்கிகளிடம் சிக்கக்கூடிய கப்பல் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், 1970-ல் இரண்டும் சில வார இடைவெளியில் ஓய்வு பெற்றன.

அதே ஆண்டு நவம்பரில் வந்தது புளூ ரிட்ஜ். முதல் ஆணியிலிருந்தே கட்டளைக்கென்று வரைந்த கப்பல். அதனால்தான் பார்க்க இவ்வளவு விநோதம்: நடுவில் ஒரு சின்னக் கட்டடம், முன்னும் பின்னும் மொட்டைத் தளம், ஆங்காங்கே கம்பங்கள். ரைட் தற்செயலாகக் கற்றுத்தந்த பாடம் இங்கே திட்டமாகவே வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தளம் மறிக்காமல் இருக்க, படகுகளைக் கூடப் பக்கவாட்டுத் திண்ணைகளுக்குள் ஒதுக்கினார்கள். அதனால் மேல்தளம் 108 அடி அகலம், தண்ணீர் மட்டத்தில் கப்பல் அதைவிட ஒல்லி.

இதற்குக் கொடுத்த விலை வேகம். ரைட்டில் 1,20,000 குதிரைசக்தி, 33 நாட் (மணிக்கு 33 கடல் மைல்). புளூ ரிட்ஜில் ஒரே சுழலி, 22,000 குதிரைசக்தி, சுமார் 22 நாட். கடலிலிருந்து வீரர்களைக் கரையில் இறக்கும் தரையிறங்கு படைக்கு 20 நாட் போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. விமானந்தாங்கி அணியைத் துரத்தி ஓட முடியாது.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1975 ஏப்ரல் கடைசியில் அமெரிக்கர்கள் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனைக் காலி செய்தபோது, அந்தக் கடலில் மேற்குப் பசிபிக்கைப் பார்க்கும் அமெரிக்க ஏழாம் கப்பற்படையின் தலைமைக் கப்பலான ஓக்லஹோமா சிட்டி என்ற குரூசரும் இருந்தது, தரையிறங்கு படையின் புளூ ரிட்ஜும் இருந்தது. அமெரிக்கத் தூதர் கிரஹாம் மார்ட்டின் வந்து இறங்கியது புளூ ரிட்ஜில். தென் வியட்நாம் விமானிகள் குடும்பத்தைத் தளத்தில் இறக்கிவிட்டு, ஹெலிகாப்டரைப் பக்கத்துக் கடலில் சாய்த்துத் தாங்களும் குதித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1979-ல், பழைய குரூசர் ஓய்வு பெற, அதன் நாற்காலியும் புளூ ரிட்ஜுக்கே வந்தது. ஜப்பானின் யோகோசுகாவில் இன்றும் அதே வேலை. வளைகுடாப் போரில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி இருந்ததும் இதில்தான். 2016 மார்ச்சில் கொழும்புக்கும் வந்து போனது. தங்கைக் கப்பல் மவுன்ட் விட்னி 2005 முதல் இத்தாலியின் கயேட்டாவில், மத்தியதரைக் கடலைப் பார்க்கும் ஆறாம் கப்பற்படைக்குத் தலைமைக் கப்பல்.

சரி, மூன்றில் எதை எடுப்பேன்? அழகுக்கு நார்தாம்ப்டன். வேகமும் இடமும் சேர்ந்து வேண்டுமென்றால் ரைட்; ஆனால் போர்க்கால எந்திரம், எண்ணெயும் ஆளும் விழுங்கும். என் ஓட்டு புளூ ரிட்ஜுக்கு. ரேடியோப் பெட்டிகள் போய்க் கணினிகள் வந்தன, செயற்கைக்கோள் வந்தது. ஒவ்வொரு முறையும் புதுக் கருவியை வைக்க மொட்டைத் தளத்தில் இடம் இருந்தது. பதிலுக்கு வேறு கப்பல் கட்டும் திட்டம் 2000-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. 2039 வரை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்குப் போகும் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் மூத்தது என்பதால், 'என்னை மிதிக்காதே' என்று எழுதிய பாம்புக் கொடியை 2014-லிருந்து அதன் மூக்கில் பறக்கவிடுகிறார்கள்.