அகலம் தேடிப் போய்க் குறுக்கக் கற்றுக்கொண்டேன்: வோக்சென்கோ எம்எஸ்இடி பிளகின்

ஒரு மைக், ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஏக்கம் வந்தே தீரும். வெளியாகிற பாட்டுகளைக் கேட்டால் கிடார் இடது பக்கம், கீபோர்டு வலது பக்கம், குரல் நெற்றிக்கு நேரே என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் மிக்ஸைப் போட்டால் எல்லாம் நடுவில் ஒரே குவியலாகக் கிடக்கிறது. எனக்கும் அந்த ஏக்கம்தான். அதனால் முதலில் செய்தது, ஸ்டீரியோவை அகலப்படுத்தும் ஒரு பிளகினை (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் துணைக் கருவி) எடுத்து நேராக மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியேறும் இடம்) போட்டு, அதில் இருந்த ஒரே குமிழைத் திருகியது. ஹெட்போனில் கேட்கும்போது பிரமாதமாக இருந்தது. அதே பாட்டை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டியபோது கிடார் குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது, பியானோவின் பாதி எங்கே போனது என்றே தெரியவில்லை.

அந்த பிளகின் பெயர் இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் அந்த வகையில் பல பிளகின்கள் செய்வது இதைத்தான்: ஒரு பக்கத்து ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி மறுபக்கத்துக்கு அனுப்புகின்றன. ஒரே சத்தம் இரண்டு காதுக்கும் சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்துதான் அது வருகிறது என்று காது முடிவுகட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் இதை முனைவர் பட்ட ஆய்வாகவே செய்தார், அதனால் இன்றும் இதை ஹாஸ் விளைவு என்கிறார்கள். ஹெட்போனில் இது பரந்து விரிந்த உணர்வைத் தரும், சரி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது அசலும் தாமதமான நகலும் ஒன்றோடொன்று மோதி, சில அலைவரிசைகள் அடிபட்டுப் போகின்றன. 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 50 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், பிறகு 150, 250, 350 என்று ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம். சீப்பின் பல் மாதிரி. போனில் கேட்ட அந்தக் குழாய்ச் சத்தம் இதுதான்.

அப்புறம்தான் வோக்சென்கோ நிறுவனத்தின் எம்எஸ்இடி பிளகின் கைக்கு வந்தது. இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். பார்க்க எந்தப் பகட்டும் இல்லாத சின்னப் பெட்டி. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன், ஏனென்றால் என் மிக்ஸிங்கை மாற்றியது பெரிய பெரிய பிளகின் எதுவும் இல்லை, இதுதான்.

இது செய்வது பள்ளிக்கூடக் கணக்கு. இடது, வலது என்று வரும் ஒலியை மிட், சைடு என்று பிரிக்கிறது. இரண்டையும் கூட்டினால் மிட், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சைடு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதெல்லாம் கழித்தலில் பூஜ்யமாகிவிடும், வித்தியாசமாக இருப்பது மட்டும் சைடில் நிற்கும். பிரித்த இரண்டின் அளவையும் நீங்கள் தனித்தனியே மாற்றலாம், பிறகு பிளகின் அவற்றை மறுபடி இடது வலதாகத் தைத்துத் தந்துவிடும். ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்த 1931இலேயே இந்தக் கூட்டல் கழித்தல் யோசனையும் அதில் இருந்தது. எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பும் இதே கணக்கில்தான் ஓடுகிறது, மோனோ ரேடியோவுக்குக் கூட்டல் மட்டும் போய்ச் சேருகிறது.

இந்தப் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அளவுக் குமிழ்கள்கூட இல்லை, மிட்டை அணைக்கும் பட்டன். உங்கள் மிக்ஸின் மாஸ்டரில் எம்எஸ்இடியை இன்லைன் முறையில் (பிரிப்பதும் மறுபடி சேர்ப்பதும் ஒரே பெட்டிக்குள்) போட்டு, மிட்டை மட்டும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நடுவில் இருந்த குரல், பேஸ் கிடார், கிக் டிரம் மூன்றும் காணாமல் போகும். என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் உங்கள் பாட்டின் அகலம் முழுவதும். நான் முதல்முறை அப்படிக் கேட்டபோது குரல் போய்விட்டது, ஆனால் அதன் ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் யாரும் இல்லாத கூடத்தில் பேசுவதுபோல மிதந்துகொண்டிருந்தது, அதுவும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு அதிகமாக. இரண்டு கிடார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது சைடில் சுத்தமாக இல்லவே இல்லை. காரணம், ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்துப் பதிந்ததை) காப்பி எடுத்து ஒன்றை இடது ஓரம், ஒன்றை வலது ஓரம் தள்ளிவைத்திருந்தேன். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே என்றால் அது நடுவில் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிற மோனோதான். இதை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், உறைத்தது மிட்டை அணைத்த அந்த நொடியில்தான்.

அன்றே அந்தக் கிடார் பகுதியை இரண்டாவது தடவை முழுக்க வாசித்து ரெக்கார்ட் செய்தேன். இரண்டாவது டேக்கில் கை கொஞ்சம் முன்னே பின்னே விழும், தந்தியைத் தட்டும் அழுத்தம் மாறும், அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் சைடில் போய் நிற்கின்றன. முடிந்தால் இரண்டாவது டேக்குக்கு வேறு கிடாரோ, அதே கார்டை (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) கிடாரில் வேறு இடத்தில் பிடிப்பதோ, குறைந்தபட்சம் மைக்கை நகர்த்தி வைப்பதோ செய்தால் இன்னும் நன்றாக விரியும். இதற்கு ஈடான பிளகினை நான் இதுவரை பார்க்கவில்லை.

"சைடை ஏற்றினேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்று இந்த பிளகினைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஒற்றை மைக்கில் பிடித்த மோனோ டிராக்கில் அதைப் போட்டிருப்பார்கள். அதில் சைடே கிடையாது. பூஜ்யத்தை எத்தனை டெசிபல் ஏற்றினாலும் பூஜ்யம்தான். இல்லாத அகலத்தை இது உண்டாக்காது, இருப்பதைத்தான் கூட்டிக் குறைக்கும், அதனாலேயே நான் இதை நம்புகிறேன். இன்னொன்று, சைடைக் கழித்தல் கணக்கில் எடுத்ததால், மோனோவாகச் சேரும்போது அது முழுசாகத் தானே அடிபட்டுவிடும். நீங்கள் சைடை எவ்வளவு ஏற்றியிருந்தாலும் போன் ஸ்பீக்கரில் கேட்பது மாறவே மாறாது. அந்தச் சீப்புப் பள்ளங்கள் இங்கே வர வழியில்லை.

அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றவும் கூடாது. இடது ஓரத்தில் முழுக்கத் தள்ளிய ஒரு கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிட் பாதி, சைடு பாதி. சைடை மட்டும் 6 டெசிபல் ஏற்றினால், அதாவது இரட்டிப்பாக்கினால், இடதில் ஒன்றரை மடங்கு கிடாரும், வலதில் அதே கிடார் அரை மடங்கு தலைகீழ் ஃபேஸிலும் (அலையின் மேடு பள்ளமாகி) வரும். அமைதியாக இருந்திருக்க வேண்டிய காதில் தலைகீழான கிடார். ஹெட்போனில் அது ஏதோ தலைக்குள் அழுத்துவதுபோல இருக்கும், நீண்ட நேரம் கேட்க முடியாது. மாஸ்டரில் ஒன்று, ஒன்றரை டெசிபலுக்கு மேல் நான் ஏற்றுவதே இல்லை, பெரும்பாலும் அதுவும் இல்லை.

ஆறு மாதமாக இதை நான் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று யோசித்துப் பார்த்தால், பத்துக்கு எட்டு தடவை குறுக்குவதற்குத்தான். கீபோர்டு மென்பொருள்களில் வரும் பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல், கீழ் ஸ்வரங்கள் இடது கோடியிலும் மேல் ஸ்வரங்கள் வலது கோடியிலுமாகப் பல மென்பொருள்களில் பரப்பி வைத்திருப்பார்கள். தனியாகக் கேட்க அற்புதம். மிக்ஸில் போட்டால் ஒரு பியானோவே மொத்த மேடையையும் அடைத்துக்கொள்ளும், கிடாருக்கு இடமே இருக்காது. ஸ்ட்ரிங்ஸ், பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) போன்றவையும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து ஓரம்வரை. எல்லாமே அகலமாக இருக்கிற மிக்ஸில் எதுவும் அகலமாகக் கேட்காது, மறுபடி அதே குவியல்தான், என்ன, இந்தத் தடவை பெரிய குவியல்.

இங்கே பேன் குமிழை (ஒலியை இடம் வலமாக நகர்த்துவது) நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. பல ரெக்கார்டிங் மென்பொருள்களில் ஸ்டீரியோ டிராக்கில் வருகிற குமிழ் உண்மையில் பேன் இல்லை, பேலன்ஸ். அதை இடதுபக்கம் திருகினால் பியானோ இடதுக்கு நகராது, வலது சேனலின் சத்தம் குறையும், அவ்வளவுதான். வலதில் இருந்த மேல் ஸ்வரங்கள் தேய்ந்துபோய், பாதி பியானோவோடு உட்கார்ந்திருப்பீர்கள். எம்எஸ்இடியில் சைடை 6, 8 டெசிபல் இறக்கினால் மொத்தப் பியானோவும் நடுவை நோக்கிச் சுருங்கும். அதன்பின் மிட், சைடு இரண்டுக்கும் தனித்தனியே அதிலேயே பேன் உண்டு, அதை வைத்து அந்தச் சுருங்கிய பியானோவை ஒரு ஓரமாக நகர்த்தலாம். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு பிளகினே வேண்டாம், டிராக்கின் பேன் முறையை ஸ்டீரியோ பேன் என்று மாற்றினால் அகலத்துக்குத் தனிக் குமிழ் வந்துவிடும். நானும் ரீப்பர்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டே செய்ய முடிகிறது என்பதால் எம்எஸ்இடியைத்தான் திறக்கிறேன்.

பார்த்துக்கொண்டே என்றேன், இதில் ஒரு வெக்டர்ஸ்கோப்பும் (ஸ்டீரியோ பரவலைப் படமாகக் காட்டுவது) கோரிலேஷன் மீட்டரும் (இரண்டு சேனலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) இருக்கின்றன. மீட்டர் முள் +1 பக்கம் நின்றால் இரண்டு சேனலும் ஒன்றுபோல், பூஜ்யத்தில் நின்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, கழித்தல் பக்கம் போனால் மோனோவில் அடிபடப்போகிறது. எப்போதாவது ஒரு நொடி கீழே போய் வந்தால் பயப்படவேண்டாம், அங்கேயே தங்கினால் தேடிப்பிடியுங்கள். வெக்டர்ஸ்கோப் அழகாக ஒளிர்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் காது வேலை செய்யாமல் போய்விடும். நான் அதைத் தப்பு கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இந்த பிளகினை வைத்திருக்கிற எல்லோரும் சைடு அணைக்கும் பட்டனையும் பயன்படுத்த வேண்டும். அதை அழுத்தினால் கேட்பது மோனோ. ஓரத்தில் தள்ளிய வாத்தியங்கள் எல்லாம் அப்போது குரலைவிடக் கொஞ்சம் பின்னே போகும், அது இயல்பு. நடுவில் இருப்பதை 3 டெசிபல் குறைக்கிற பேன் லா (பேன் நிலைக்கேற்ப சத்தத்தைச் சரிசெய்யும் விதி) வைத்திருந்தால், மோனோவில் நடுவில் உள்ளவை 3 டெசிபல் உயர்ந்துவிடும், ஓரத்தில் உள்ளவை உயராது. அதைக் கணக்கில் வைத்துத்தான் கிடாரின் அளவை முடிவு செய்கிறேன்: மோனோவிலும் கிடார் வாசிப்பது என்ன என்று புரியவேண்டும், அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை.

குறை என்றால் ஒன்றுதான், அது முக்கியமானது. இது முழு அலைவரிசைக்கும் ஒரே அளவில் வேலை செய்கிறது. அடிமட்ட ஒலிகளை மட்டும் நடுவில் கட்டிவைத்து, மேலே உள்ளவற்றை விரியவிடுவது இதனால் தனியாக முடியாது. பேஸும் கிக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்பது வெறும் வழக்கம் இல்லை. இசைத்தட்டில் இடது வலது வித்தியாசம் ஊசியின் மேல்கீழ் அசைவாகப் பதிகிறது, அடி ஒலியில் அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும். இசைத்தட்டே போடாதவர்களுக்கும், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் சேர்ந்து தள்ளினால்தான் பேஸுக்கு வலு. இதற்குச் சுற்றுவழி ஒன்று உண்டு: முதல் எம்எஸ்இடியை என்கோட் முறையில் வையுங்கள், இப்போது இடது சேனலில் மிட்டும் வலது சேனலில் சைடும் ஓடும், அடுத்து வலது சேனலுக்கு மட்டும் ஒரு ஈக்வலைசர் போட்டு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கடைசியில் இரண்டாவது எம்எஸ்இடியை டிகோட் முறையில். மூன்று பிளகின் வரிசை, கொஞ்சம் கைவேலை, ஆனால் சுத்தமாக வேலை செய்யும். இது வேண்டாம் என்பவர்கள் மல்டிபேண்ட் வகை (அலைவரிசைகளைப் பகுதிகளாகப் பிரித்து வேலை செய்வது) ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது.

இப்போது கையில் இருக்கும் பாட்டில் இதைப் போட்டிருப்பது இப்படி: குரல், பேஸ், கிக் மூன்றும் நடு, யாரும் அசைக்கக்கூடாது. இரண்டு கிடார் டேக்குகள் இரண்டு கோடியில். பியானோ சைடு 8 டெசிபல் குறைந்து, வலதுபக்கம் கொஞ்சம் தள்ளி. ஷேக்கர் மோனோவாக இடதில், பியானோவுக்கு எதிர் எடையாக. கிடார்களைச் சரணத்தில் நிறுத்திவிட்டேன், பல்லவியில் மட்டும்தான் அவை வருகின்றன. கூடவே வாத்தியங்களின் குரூப் டிராக்கில் ஒரு எம்எஸ்இடி, அதன் சைடு குமிழுக்கு ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது குமிழ் தானே நகரும்படி) எழுதி, சரணம் முழுக்க 2 டெசிபல் குறைத்து, பல்லவி திரும்பும் முதல் தட்டில் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்கும் எதையும் ஏற்றவில்லை. முன்பு போனில் கேட்ட அதே நண்பருக்கு, இந்தத் தடவை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன், பல்லவி வந்த இடத்தில் அவர் கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அந்த இடத்தை மறுபடி போடு" என்றார்.