மூணாறு மழையில் கம்பளி ஜட்டி: 13 மாத அனுபவம்

மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது துணி நாப்பிக்கு மேலே கம்பளி ஜட்டி போடத் தொடங்கினோம். இப்போது அவளுக்கு 16 மாதம். முன்பு போட்டது பிளாஸ்டிக் பூச்சுள்ள கவர். உள்ளே வேர்த்து, விடிந்து பார்த்தால் தொடை இடுக்கு சிவந்து கிடக்கும். கம்பளிக்கு மாறி இரண்டு வாரத்தில் அது அடங்கிவிட்டது.

கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மேலே படிந்திருக்கும் லனோலின் என்கிற ஆட்டு மெழுகு, சிறுநீரை வெளியே கசிய விடாது. காற்று மட்டும் போய்வரும்.

ஜட்டி பின்னுவதற்குக் கடையில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கிடைக்கும். அது இதற்கு உதவாது. ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகுவதுபோல் நாறும், சாம்பல் விரலில் நசுங்கிவிடும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

பக்கத்து வீட்டுச் சேச்சி முதலில் முகம் சுளித்தார், "தினமும் துவைக்க மாட்டாயா?" என்று. வேண்டியதில்லை. கழற்றியதும் அடுப்படிக் கொடியில் விரித்துவிட்டால், ஜூலை மழையிலும் மறுநாளைக்குள் காய்ந்துவிடுகிறது. காய்ந்ததும் வாடை இருக்காது. அதனால் மூன்றை மாற்றி மாற்றிப் போடுகிறோம். மலம் பட்டால் அந்த இடத்தை மட்டும் உடனே அலசிவிடுவேன். முழுத் துவையல் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். காய்ந்த பிறகும் வாடை நின்றால், அல்லது வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால், நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

துவைக்க வெதுவெதுப்பான நீரும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் போதும். என்சைம் உள்ள சலவைத்தூள் கம்பளியை அரித்துவிடும். அப்புறம் லனோலின். பால் கொடுக்கும் தாய்மார் காம்பு வெடிப்புக்குத் தடவுகிற சுத்தமான லனோலின் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும், அதுவேதான். மொச்சைக்கொட்டை அளவு எடுத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்புவோடு பால்போல வெளுக்கும்வரை கலக்குவேன். அதை வெதுவெதுப்பான நீரில் ஊற்றி, ஜட்டியைப் புரட்டிப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுவேன். பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். புதிய ஜட்டிக்கு இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகுதான் கசிவு நிற்கும்.

ஒருநாள் அவசரத்தில் கொதிநீரில் போட்டுக் கசக்கிவிட்டேன். இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, ஜட்டி பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைத் திரும்ப நீட்டவே முடியவில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

மகள் வளர்ந்து அவளுக்குச் சிறியதாகிப்போனவற்றைப் பூச்சி அரிக்காமலிருக்க நன்றாக உலர்த்தி, வசம்புத் துண்டோடு கட்டி வைத்திருக்கிறேன். அம்மா வீட்டுக்குப் போடிக்குப் பஸ்ஸில் போகும்போது மட்டும் பழைய பிளாஸ்டிக் கவர்தான். மடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அழுந்தி உட்கார்ந்தால் கம்பளி கசிந்துவிடுகிறது.