ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கோடியும்

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது 2012 ஜனவரியில். வீட்டில் சும்மா உட்காரப் பழகுவதற்குள், பிப்ரவரி 27 அன்று விஜய் டிவியில் நடிகர் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்ற கேள்வி-பதில் போட்டியை ஆரம்பித்துவிட்டார். அன்று பிடித்த வியாதி, இன்னும் விடவில்லை.

ஆட்டம் பழையதுதான். 1998இல் பிரிட்டனில் தொடங்கி, 2000இல் அமிதாப் பச்சன் வழியாக இந்திக்கும், அதே ஆண்டு சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ மூலம் சன் டிவிக்கும் வந்தது. ஆனால் அப்போது எனக்கு ஷிஃப்ட். டிவிக்கு முன்னால் நான் உட்காரும் நேரத்தில் அது முடிந்திருக்கும். அதனால் என் கணக்கில் இது ஓய்வுக்குப் பிறகு வந்த நிகழ்ச்சிதான்.

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் வாரமே விதி போட்டோம்: தப்பான விடை சொன்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு ரூபாய். இரண்டாவது வாரத்தில் இன்னொரு விதி சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சரியான விடை பச்சையாக மாறியதும், “அதையேதான் நானும் நினைச்சேன்” என்பார். இனிமேல் பேசாமல் இருந்தாலும் ஒரு ரூபாய் என்றேன். பாட்டில் வேகமாக நிறைய ஆரம்பித்தது.

எனக்கு இந்த நிகழ்ச்சியில் உயிர் என்றால், விடை தெரியாதபோது உதவி கேட்டு நண்பருக்கு ஃபோன் செய்யும் அந்த 30 விநாடிதான். காலமெல்லாம் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் நான். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே போய், “டைம் முடிஞ்சுது, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?” என்று கேட்ட வாய் இது. ஹாட் சீட்டில் இருக்கும் போட்டியாளர் என்ன செய்கிறார்? “மாமா, நல்லா இருக்கீங்களா? நான் எங்கிருந்து பேசறேன் தெரியுமா?” பத்து விநாடி போச்சு. பிறகு கேள்வியை ராகம் போட்டுப் படிக்கிறார். இன்னொரு பதினைந்து. மாமா “இன்னா கேட்ட, திருப்பிச் சொல்லு” என்னும்போது லைன் கட். நேராக நான்கு விடைகளையும் முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைச் சொன்னால் மாமாவுக்கு யோசிக்க நேரம் மிஞ்சும். இதை நான் டிவியைப் பார்த்து எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

அந்த வருடக் கோடையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் பெரிய தொகைக் கேள்வி, அவர் பி என்கிறார், நான் சி என்கிறேன், கரண்ட் போய்விட்டது. மாடிக்குப் போய் இருட்டில் உட்கார்ந்தோம். கல்லெல்லாம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் விடுவதாக இல்லை. சரி என்று அரக்கோணத்துத் தோழிக்குப் போட்டேன். அந்த ஊர் எஸ்டிடி கோடு 04177 எல்லாம் விரலிலேயே இருக்கும். அவளும் ஆபரேட்டர்தான். இருபது வருடம் குரலால் மட்டும் பழக்கம். நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

“அரக்கோணமா?”

“வேலூரு, சொல்லு.”

“கரண்ட் இருக்குதா? அந்தக் கேள்விக்கு விடை இன்னா?”

“சி. ஆளு ஜெயிச்சுட்டாரு. வைக்கட்டா?”

அவர் இருட்டிலேயே சட்டைப் பையைத் துழாவினார். அன்றிலிருந்து அரக்கோணம் எங்கள் மூன்றாவது ஆட்டக்காரி.

2013இல் பிரகாஷ்ராஜ் நடத்தினார், 2016இல் அரவிந்த்சாமி. பிரகாஷ்ராஜிடம் வாத்தியார் மிடுக்கு இருந்தது; வீட்டுக்காரருக்கு அவர்தான் பிடிக்கும். எனக்கு அரவிந்த்சாமி. ஏன் என்று விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’ வந்தது. போட்டியாளர்கள் எல்லாரும் பெண்கள். அடுத்த மாதம் மதுரை கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்தார். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். காதையும் வாயையும் வைத்தே சம்பாதித்தவள் நான். அன்று நானும் ஒரு விடைகூடச் சொல்லவில்லை. விதிப்படி பாட்டிலில் காசு போட்டேன்.

குறை என்றால், இந்த வகை நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் இருப்பதுதான். விடை சொல்லும் நேரம் பார்த்து விளம்பரம். போட்டியாளரின் வறுமையைச் சொல்லும்போது வயலினை இழுப்பது. அவர் சொன்னாலே நமக்குத் தொண்டை அடைக்கும், அதற்கு மேல் வயலின் எதற்கு? அப்புறம் “உறுதியாகச் சொல்கிறீர்களா?” என்று நான்கு தடவை கேட்டு, நன்றாகத் தெரிந்தவரையும் குழப்பிவிடுவது.

இப்போதெல்லாம் செல்ஃபோனில் பழைய எபிசோடுகள்தான். அதில் ஒரு சிக்கல்: வீட்டுக்காரர் மத்தியானமே திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, இரவு மேதை மாதிரி விடை சொல்கிறார். கேள்வி முடிவதற்குள் விடை வந்ததால்தான் மாட்டினார். அதனால் பேரன் லீவுக்கு வரும்போது கேள்வியெல்லாம் நானே தயாரிக்கிறேன். கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது எந்த ஆண்டு? 1806. வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது? 1989. வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது? 2019. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அதில் இப்போது பொய்யானது எது? பையன் ஆற்றைச் சொன்னான். பாலாற்றில் வெள்ளம் போனதைப் பார்த்தவன், பாவம். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார் என்றதும், “ஆயா, அது எனக்கெப்படித் தெரியும்?” என்று ஒரு ரூபாய் போட மறுத்துவிட்டான்.

போன பொங்கலுக்கு மூன்றாவது பாட்டிலைக் கொட்டி எண்ணினோம். 1,318 ரூபாய். அதில் மத்தியானத் திருட்டுக்கு அவர் தர வேண்டிய அபராதம் சேரவில்லை. அவர் அபராதமே கிடையாது என்கிறார். அரக்கோணத்திடம் கேட்டோம்; “ரெண்டு பேரும் வைங்க” என்றாள்.