340 பவுண்டுக்கு ஒரு சிவப்புக் கோடு: முயல் சுட நிலம் பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

இங்கிலாந்தில் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) வாங்கிவிட்டு, சுட நிலம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கும் நம் ஆட்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. சுட நிலம் பிடித்துத் தருகிறோம் என்று என்னிடம் காசு வாங்கிய இணையச் சேவைக்காரர்களிடமிருந்து நேற்று ராத்திரி கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்பி வராது. 340 பவுண்ட். நான் எப்படி ஏமாந்தேன் என்று முழுசாகச் சொல்லிவிட்டு, நிஜமாகவே பர்மிஷன் வாங்குவது எப்படி என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்ட் ஆற்றலுக்கு மேல் போகாத சாதாரண ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 18 வயது ஆகியிருந்தால் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். (ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே சான்றிதழ் கட்டாயம்.) வாங்குவது சுலபம், எங்கே கொண்டுபோய்ச் சுடுவது என்பதில்தான் பாடு. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஏர் ரைஃபிள் என்றால் குண்டு ஏற்றியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடுத்தவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழைந்தால் அது தனிக் குற்றம். இரண்டுமே 1968 துப்பாக்கிச் சட்டத்தில் இருக்கிறது. ஆக, முயலோ புறாவோ, விவசாயி சரி என்று சொன்னால்தான் உண்டு. இங்கே சுடுகிறவர்கள் பேச்சில் அந்த நிலத்துக்கே பெயர் 'பர்மிஷன்'. ஒருவர் 'என்னிடம் இரண்டு பர்மிஷன் இருக்கு' என்றால், இரண்டு பண்ணையில் சுட விடுகிறார்கள் என்று அர்த்தம். வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் கிளப்பில் இரண்டு வருஷமாக என் பக்கத்தில் நின்று குறி அட்டையைச் சுடுகிற மனிதர், தன் பண்ணை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இதுவரை வாய் திறந்ததில்லை.

நான் கெட்டரிங் பக்கம் இருக்கிறேன். சுற்றி வயல்தான். இந்த வசந்தத்தில் பதினொரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். சட்டை இஸ்திரி போட்டு, ஷூ துடைத்து, துப்பாக்கி சுடுவதற்கான காப்பீட்டுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு தயாராகப் போகவில்லை. ஒருவர் 'ஏற்கெனவே ஆள் இருக்கு' என்றார். ஒருவர் ஆட்டுக்குட்டி போடும் சீசன் முடிந்து வா என்றார். முடிந்து போனேன், அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. இரண்டு இடத்தில் நாய் மட்டும்தான் பதில் சொன்னது. பாக்கிப் பேர் மரியாதையாகவே 'முடியாது' என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் வந்து 'உங்கள் வயலில் துப்பாக்கியோடு உலாத்தவா' என்று கேட்டால் கடையநல்லூரில் என் அப்பா என்ன சொல்லியிருப்பார்?

இந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நிலக்காரர்களையும் சுடுகிறவர்களையும் சேர்த்துவைக்கும் இணையச் சேவையாம். பெயர் எழுதவில்லை, எழுதினால் அவர்களோடு இன்னொரு ஆறு மாதம் மல்லுக்கட்ட வேண்டும், எனக்குத் தெம்பு இல்லை. வருஷச் சந்தா, அதோடு 'நில ஒதுக்கீட்டுக் கட்டணம்'. உங்கள் வீட்டிலிருந்து 25 மைலுக்குள் ஒரு பண்ணை, எழுத்துமூல அனுமதி, எல்லை வரைபடம், எல்லாம் ஏழு நாளில்.

நான் ஒன்றும் உடனே விழுந்துவிடவில்லை. போன் போட்டுப் பேசினேன். நம்பிக்கை வந்தது அந்தப் போனில்தான், அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எடுத்தவர் வயசானவர் குரல். பின்னால் ஒரு கெட்டில் கொதிக்கிற சத்தம். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என்ன ரைஃபிள், குண்டு அளவு .177ஆ .22ஆ, எத்தனை கெஜத்தில் சுட்டுப் பழக்கம் என்று கேட்டார். நாற்பது கெஜம் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். 'அட்டையில் நாற்பது சரி, முயலில் முப்பதோடு நிறுத்திக்கொள், குண்டு தலையில் படும் என்று உறுதி இல்லாவிட்டால் சுடாதே' என்றார். முதல் இரண்டு தடவை போகும்போது துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு, சும்மா நடந்து பொந்து எங்கே, வேலி எங்கே, பொது நடைபாதை எங்கே என்று பார்த்துவிட்டு வா என்றார். அப்புறம் கேட்டார் பாருங்கள்: 'காப்பீட்டுச் சான்றிதழும் டிரைவிங் லைசென்ஸ் நகலும் அனுப்பு. அது இல்லாமல் நான் எந்த விவசாயியிடமும் உன் பேரைச் சொல்ல மாட்டேன்.'

அங்கேதான் நான் காலி. ஏமாற்றுகிறவன் நம்மிடம் காப்பீடு கேட்பானா? என்னைச் சந்தேகப்படுகிறாரே, அப்படியென்றால் நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன புத்தி அத்தனையும் சரியான புத்தி. அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியில், போகிற போக்கில் சொல்கிற மாதிரி பணத்துக்கு வந்தார். கார்டில் கட்டினால் 375. பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 340. நமக்குத் தள்ளுபடி என்றால் கை தானாகப் போகுமே. 35 பவுண்ட் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனேன்.

ஆறாவது நாளே பிடிஎஃப் வந்துவிட்டது. சாட்டிலைட் படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் எல்லை. கீழே விவசாயி பெயர், கையெழுத்து, தேதி. முயல், காட்டுப் புறா, காகம் சுடலாம் என்று எழுதியிருந்தது. அதை பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, ரைஃபிள் பைக்குள் வைத்தேன். லேமினேட் செய்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் சொன்னபடி ஒரு தடவை சும்மா போய் நடந்தேன். யாரையும் பார்க்கவில்லை. வேலி ஓரமெல்லாம் முயல் புழுக்கை, கோதுமையில் ஓரத்து வரிசைகள் மொட்டையாகக் கடித்துக் கிடந்தன. பரம திருப்தி. இரண்டாவது தடவையும் சும்மா போகச் சொல்லியிருந்தார், எனக்குப் பொறுக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரச் சனிக்கிழமை சாயங்காலம், லெஸ்டரில் படிக்கிற என் மச்சினனையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கியோடு போனேன். வழியெல்லாம் அவன் கேலிதான். 'ஊர்ல மாமா மக்காச்சோளத்த பன்னி மேயுதுன்னு ராத்திரியெல்லாம் வெடி போட்டு முழிச்சிக் கெடக்காரு. நீங்க இங்க முயல் சுட அவன் கையில காசு குடுத்துட்டு வாரீங்க. நல்லாருக்கு அத்தான்.'

கேட்டைத் தாண்டி முந்நூறு அடி போயிருக்க மாட்டோம். பச்சை நிற பக்கி வண்டி ஒன்று எங்களைப் பார்த்து நேராக வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு ஸ்பானியல் நாய். இறங்கியவர் கேம்கீப்பர், அதாவது வேட்டைக்காக ஃபெசன்ட் கோழி வளர்க்கிற காவல்காரர். யார் நீங்கள் என்றார். நான் லேமினேட்டை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடக்கக்கூட முடியாத அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'நான் இங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். இந்தப் பேரில் ஒருத்தர் இங்கே விவசாயம் செய்ததே இல்லை' என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. நிலம் ஒரு எஸ்டேட்டுக்குச் சொந்தம். பயிர் வைப்பவர் குத்தகைக்காரர். சுடும் உரிமை மட்டும் தனியாக ஒரு வேட்டைக் குழுவுக்குக் குத்தகை. நிலம் ஒருவனுக்கு, பயிர் ஒருவனுக்கு, மேலே பறக்கிற புறா இன்னொருவனுக்கு! நம் ஊர் மூளைக்கு இது ஏறவே ஏறாது. முயல் விஷயத்தில் மட்டும் 1880ஆம் வருஷச் சட்டம் ஒன்று குத்தகை விவசாயிக்குப் பறிக்க முடியாத உரிமை கொடுத்திருக்கிறது. அவர் தன்னைத் தவிர இன்னொரு ஆளுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்துச் சுடச் சொல்லலாம். அந்த 'இன்னொரு ஆள்' அங்கே யார் என்றால், இதே கேம்கீப்பர்தான்.

அவர் கோபத்துக்கும் நியாயம் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்துத் தோப்பில் அவர் ஃபெசன்ட் குஞ்சுகளைக் கூண்டில் விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த நேரத்தில் துப்பாக்கிப் பையோடு இரண்டு பேர் வேலி ஓரமாக நடந்து வந்தால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? 'போலீஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் ஏமாந்த முகமாகத் தெரிகிறது. காரில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பு' என்றார். கிளம்பினோம். திரும்பி வரும்போது மச்சினன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கேலி செய்திருந்தாலாவது தேவலை.

அதற்கப்புறம் ஐந்து வாரக் கூத்து. முதல் மெயிலுக்கு, 'எங்கள் களப் பணியாளர் விசாரிக்கிறார்' என்று பதில். இரண்டாவதற்கு, 'வரைபடம் தோராயமானது, எல்லையை உறுப்பினரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.' எல்லை தோராயம் சரி, விவசாயியும் தோராயமா என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. போன் போட்டால் அந்தக் கெட்டில் பெரியவர் இல்லை, யாரோ ஒரு பெண் எடுத்து 'அவர் லீவில் இருக்கிறார்' என்றார். மறுவாரமும் லீவு. மூன்றாவது வாரம், 'அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்ததாகத் தெரியவில்லையே.' நடுவில் ஒரு சலுகை வேறு: வேல்ஸில் ஒரு பண்ணை இருக்கிறதாம், 60 பவுண்ட் 'மாற்றுக் கட்டணம்' கட்டினால் உடனே தருவார்களாம். 340 போனவன் கண்டிப்பாக 60 கொடுப்பான் என்ற கணக்கு. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

பேங்க் கதை இன்னும் மோசம். ஏமாற்றிப் பணம் அனுப்ப வைத்தால் பேங்க் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது, அதை நம்பிப் போனேன். நாற்பது நிமிஷம் பியானோ சங்கீதம் கேட்க வைத்துவிட்டு, 'உங்களுக்கு ஆவணம் வந்திருக்கிறதே, அப்படியென்றால் சேவை கிடைத்துவிட்டது. தரம் சரியில்லை என்பது வியாபாரத் தகராறு, மோசடி இல்லை' என்றார்கள். அந்தப் பிடிஎஃப் வந்ததே இதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருக்கிற பொருளுக்கோ சேவைக்கோ 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு கொடுத்த நிறுவனத்தையே பிடித்திருக்கலாம். அந்த 35 பவுண்ட் தள்ளுபடி எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

போலீஸின் அவசரமில்லாத எண் 101க்கு அடித்தேன். சிவில் விவகாரம், ஆன்லைனில் மோசடிப் புகார் பதியுங்கள் என்றார்கள். பதிந்தேன். ஒரு எண் வந்தது. அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி வந்த கடைசி மெயில் மூன்று வரி. டிஜிட்டல் ஆவணம் அனுப்பப்பட்ட பிறகு பணம் திரும்பத் தரப்படாது. இந்தக் கோப்பு முடிக்கப்பட்டது. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

இதை வேலை இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியாது போலிருக்கிறது. அவசரமாக:

நிலம் பிடித்துத் தருகிறேன் என்று யார் காசு கேட்டாலும், விவசாயியை நேரில் பார்த்துக் கைகுலுக்காமல் ஒரு பென்னி கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் பெயரை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அரசின் நிலப் பதிவேட்டில், 7 பவுண்டுக்குப் பார்க்கலாம். 340 கட்டுவதற்கு முன்னால் நான் அந்த 7 கட்டவில்லை. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால் போதாது, சுடும் உரிமை யாரிடம் என்று தனியாகக் கேளுங்கள். புறா, காகத்துக்கு நிலக்காரர் அனுமதியோடு, அரசின் பொது லைசென்ஸ் நிபந்தனையும் உண்டு, GL42 என்று தேடினால் கிடைக்கும், ஒருமுறை படித்துவிடுங்கள். பேங்க் டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம். பண்ணைக்காரர் பழக்கம் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஃபெசன்ட் வேட்டைக்குப் பறவை கலைக்க ஆள் எடுப்பார்கள், அதில் போய் நில்லுங்கள். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம் என்கிறார்கள், எனக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. முன்பின் தெரியாதவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் நகல் அனுப்பாதீர்கள். என்னுடையது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, காப்பீட்டுச் சான்றிதழும்தான். என் பெயரை வைத்து அடுத்தவருக்கு எதைக் காட்டுகிறார்களோ தெரியவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போட வேண்டும், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.